எதிரி, வாதி, குற்ற எண்

காவல் நிலையத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பெயர் ‘எதிரி’. புகார் கொடுத்தவர் ‘வாதி’. இருவரும் கணவன் மனைவியாக இருக்கலாம், அண்ணன் தங்கையாக இருக்கலாம், ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்களாக இருக்கலாம்; முதல் தகவல் அறிக்கையில் அவர்கள் வாதியும் எதிரியும்தான். மேற்படி எதிரி மேற்படி வாதியை அசிங்கமான வார்த்தைகளால் திட்டி, கையால் அடித்து, கொலை மிரட்டல் விடுத்து என்று ஓடும் வாக்கியத்தைத் தமிழ்நாட்டின் எந்த நிலையத்திலும் பார்க்கலாம். திட்டியதற்கு 294(பி), அடித்ததற்கு 323, மிரட்டியதற்கு 506. 2024 ஜூலை 1 அன்று பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபின் அவை 296, 115(2), 351 என்று மாறின. வாக்கியம் மாறவில்லை.

நான் சட்டம் படித்தவள் இல்லை. தமிழ் இலக்கியம் நடத்துகிறவள். செங்கல்பட்டிலும் கடற்கரை ஊர்களிலும் பெண்கள் மடித்து வைத்திருக்கும் தாள்களை அவர்களோடு உட்கார்ந்து படிக்கும் வேலை சில வருடங்களாக என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. மீன் விற்கிறவர்கள், ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்கிறவர்கள், சிற்பக் கூடத்தில் பாலிஷ் போடுகிறவர்கள், கல்லூரி மாணவிகள். இலக்கியம் படித்தவளுக்கு வரும் முதல் கேள்வியே எனக்கும் வரும்: இதை எழுதியது யார்? அறிக்கையின் கீழே கையெழுத்து பெண்ணுடையது. சொற்கள் எழுத்தருடையவை. எந்தப் பிரிவுக்கு எந்தச் சொல் தேவையோ அதுவே வாக்கியத்தைக் கட்டுகிறது. நான் படித்த பல அறிக்கைகளில் ஒரு வினோதம் உண்டு. அவன் திட்டிய வசை எழுத்துப் பிசகாமல் அப்படியே இருக்கும், ஏனென்றால் பிரிவுக்கு அது வேண்டும். எத்தனை வருடமாகத் திட்டுகிறான், எதைக் கேட்டதற்குத் திட்டினான் என்பது இருக்காது. அவள் வாயால் சொல்லவே கூசிய சொல் மட்டும் அரசுப் பதிவில் நிலைத்துவிடுகிறது. அவள் சொல்ல வந்தது நிற்பதில்லை.

நீதிமன்றப் பதிவுகளையும் காவல் பதிவுகளையும் தேடுவது எப்படி என்று மாணவிகள் கேட்கும்போது, தேடிக் கிடைப்பது உண்மை என்று எண்ணிக்கொண்டு கேட்கிறார்கள். கிடைப்பது ஒரு பிரதி. இன்னொருவர் கையில் எழுதப்பட்ட, இன்னொரு தேவைக்காக வெட்டப்பட்ட பிரதி. அதைத் தேடவும் வேண்டும், வாசிக்கவும் வேண்டும். முதலாவதைச் சொல்லித்தர ஆளிருக்கிறது. இரண்டாவதற்கு ஆளில்லை.

அமெரிக்காவில் பெருங்குற்றம், சிறுகுற்றம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் பெயரைப் போட்டால் அவர்மீதுள்ள வழக்குகள் வரும்படி அங்கே பல உள்ளூர் நீதிமன்றங்கள் தேடல் வசதி வைத்திருக்கின்றன. திரைப்படங்களிலும் தொடர்களிலும் அதைப் பார்த்த பிள்ளைகள் இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். நம்மிடம் அந்தப் பிரிவினை கிடையாது. பிடியாணை இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம், பிடியாணை வேண்டிய குற்றம் என்பதுதான் இங்குள்ள கோடு. முதல் வகை என்றால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. அதே தீர்ப்பு, பதிவதற்கு முன்பே ஆரம்ப விசாரணை நடத்தத்தக்க வழக்குகளின் வரிசையில் குடும்பத் தகராறுகளையும் வைத்தது. பெண்கள் அதிகம் போய் நிற்கும் வாசலில்தான் அந்த விதிவிலக்கு.

விதிவிலக்கின் தமிழ்நாட்டுப் பெயர் சி.எஸ்.ஆர். சமூகப் பணிப் பதிவேடு என்று அதற்கு விரிவு. மனு கொடுத்தால் ஒரு ரசீது தருவார்கள், அதில் ஒரு எண் இருக்கும். பல பெண்கள் அதையே எஃப்.ஐ.ஆர். என்று நம்பி வருடக்கணக்கில் பீரோவில் வைத்திருக்கிறார்கள். சி.எஸ்.ஆர். எண் வழக்கு எண் அன்று. நீதிமன்றத்துக்கு அதைத் தெரியாது. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையம் பெண்களுக்கு ஒரு வாசலைத் திறந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாசலுக்குள் வழக்கைவிட அதிகமாக நடப்பது சமரசம். இருவரையும் கூப்பிட்டு, எழுதி வாங்கி, அனுப்பிவிடுவது. அந்த எழுதி வாங்கிய தாளில் யார் யாரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார் என்று படித்துப் பாருங்கள். நான் கண்டவற்றில் பாதிக்கு மேல் பெண்ணும் ஏதாவது ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறாள்.

ஆகவே தாளை கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது எண். குற்ற எண் என்று இருந்து, பக்கத்தில் சாய்கோடு போட்டு வருடம் இருந்தால் வழக்கு. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் சி.எஸ்.ஆர். நிலையையும் பார்க்கலாம், முதல் தகவல் அறிக்கையையும் பார்க்கலாம். மாவட்டம், நிலையம், ஆண்டு, எண் என்று கேட்கும். நீதிமன்றப் பக்கம் இ-கோர்ட்ஸ் சேவை. அதில் வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், வழக்கறிஞர் பெயர், காவல் நிலையமும் எஃப்.ஐ.ஆர். எண்ணும் என்று பல வழிகளில் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் இலக்கமும் கலந்த சி.என்.ஆர். எண் ஒன்று உண்டு. அது கிடைத்துவிட்டால் அடுத்த வாய்தா, போன வாய்தாவில் நடந்தது, வழக்கு எந்தக் கோர்ட்டுக்கு மாறியது எல்லாம் வீட்டிலிருந்தே தெரியும். வக்கீலுக்கு போன் செய்து, அவர் எடுக்காமல், மறுநாள் நேரில் போய்த் திரும்பி வருகிற ஒரு நாள் கூலி மிச்சம்.

எளிதாகச் சொல்லிவிட்டேன். நடைமுறையில் ஊர்ப்பெயரே முதல் தடை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கானத்தூரிலிருந்து மாமல்லபுரத்துக்கு ஒரே பேருந்தில் போய்விடலாம். காவல் பதிவில் அவை இரண்டு நாடுகள். கானத்தூர், கேளம்பாக்கம் நிலையங்கள் 2022 முதல் தாம்பரம் ஆணையரகத்தில் இருக்கின்றன. மாமல்லபுரம் செங்கல்பட்டு மாவட்டக் காவலில் இருக்கிறது. நடந்த இடம் எந்த நிலையத்தைச் சேர்ந்தது என்று தெரியாமல் தவறான பெட்டியில் எண்ணைப் போட்டுவிட்டு, வழக்கே இல்லை போலிருக்கிறது என்று அழுதவர்களை எனக்குத் தெரியும். பழைய வழக்கு என்றால் இன்னும் சிக்கல். செங்கல்பட்டு மாவட்டம், பிறகு செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம், 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிவு, 2019 நவம்பரில் மறுபடியும் செங்கல்பட்டு. காஞ்சிபுரம் மாவட்டமாக இருந்த காலத்திலும் மாவட்டத்தின் பெரிய கோர்ட் செங்கல்பட்டில்தான் இருந்தது. ஒரே ஊர்க்காரியின் அம்மா வழக்கும் மகள் வழக்கும் வெவ்வேறு மாவட்டப் பெயரில் கிடக்கும்.

பெயரை வைத்துத் தேடுவதில் தமிழ் தெரிந்ததே தொல்லை. பதிவு ஆங்கில எழுத்தில் இருக்கும். ஜெயலட்சுமியை எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். இனிஷியல் முன்னாலா பின்னாலா, தகப்பன் பெயரா கணவன் பெயரா? கல்யாணத்துக்கு முன் ஒரு இனிஷியலும் பின் ஒரு இனிஷியலும் உள்ள ஒருத்தியைப் பதிவேடு இரண்டு பேராக்கிவிடும். ஆண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, பிறந்த இனிஷியலோடே சாகிறார்கள். நான் சொல்வது முழுப்பெயரைப் போடாதீர்கள், முதல் மூன்று நான்கு எழுத்தை மட்டும் போட்டு, வருடத்தையும் கோர்ட்டையும் குறுக்கிக்கொண்டு போங்கள் என்பதுதான். மாமல்லபுரமா மகாபலிபுரமா என்பதையும் இரண்டு விதமாகப் பார்த்துவிடுவது நல்லது.

இவ்வளவுக்கும் எண்ணே மூலம். அந்த எண் செய்தியில் வருவதில்லை. 2017 ஏப்ரலில் மாமல்லபுரத்தை ஒட்டிய கடற்கரையில் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானதாக ஜெர்மன் நாட்டுப் பெண் ஒருவர் புகார் கொடுத்தார். பல மொழிப் பத்திரிகைகள் எழுதின. கடற்கரை எப்படியிருந்தது, அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதெல்லாம் எழுதப்பட்டது. குற்ற எண்ணை எழுதுவது நம் பத்திரிகைகளின் வழக்கமில்லை. எண்ணில்லாத செய்தியை யாரும் பின்தொடர முடியாது. அதனால் எழுதியவர்களுக்கும் பின்தொடரும் பொறுப்பு வருவதில்லை. குற்றச் செய்தி எழுதும் தோழிகளிடம் நான் கேட்பது இந்த ஒரு இலக்கத்தைத்தான். அது பெண்ணின் அடையாளத்தைக் காட்டாது. வழக்கின் கதியை மட்டும் காட்டும்.

பாலியல் குற்றம் என்றால் இணையத்தில் அறிக்கையே இருக்காது. 2016 செப்டம்பரில் யூத் பார் அசோசியேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா முதல் தகவல் அறிக்கைகளையும் 24 மணி நேரத்துக்குள் காவல்துறை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றது. பாலியல் குற்றங்கள், குழந்தைகள் மீதான குற்றங்கள், தீவிரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு அளித்தது. அந்த விலக்கு நியாயமானது. ஆனால் அந்தத் தீர்ப்பை வாசிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. அது முழுக்க எதிரியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு நகல் எப்போது, எப்படி, எத்தனை நாளில் என்று அக்கறையாகச் சொல்கிறது. அவருக்கு அந்த உரிமை வேண்டும், சந்தேகமில்லை. புகார் கொடுத்தவளுக்கு இலவச நகல் தர வேண்டும் என்று சட்டத்தில் ஏற்கெனவே ஒரு வரி இருக்கிறது, இப்போதைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 173(2). அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிலையத்தில் நின்று கேட்கிறவளுக்கு ‘கோர்ட்டில் வாங்கிக்கோம்மா’ என்ற பதில் வருவதை எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மறைப்பதற்கு ஒரு வரலாறு உண்டு, அது பெண்ணியத்தின் வரலாறு. 1978இல் மதுரா வழக்கில் காவலர்கள் இருவரை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. உடம்பில் காயமில்லை, கூச்சலிடவில்லை என்ற தர்க்கம். மறு ஆண்டு உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். அவர்கள் செய்தது அடிப்படையில் வாசிப்பு. அச்சில் வந்த ஒரு தீர்ப்பை எடுத்துவைத்து, வரிவரியாக, இந்த முடிவுக்கு இந்த வாக்கியம் எப்படி வந்தது என்று கேட்டார்கள். நாட்டில் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்ற 228ஏ பிரிவும் அதே திருத்தத்தில்தான் வந்தது, இன்று அது 72. ஒரு பொதுப் பதிவைப் பெண்கள் வாசித்ததால் பிறந்த சட்டமே பெண்ணின் பெயர்மீது திரையையும் போட்டது. இரண்டும் ஒரே போராட்டத்தின் கோரிக்கைகள். பதிவு திறந்திருக்க வேண்டும், பெயர் மூடியிருக்க வேண்டும். 2018 டிசம்பரில் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது. பெண் இறந்துவிட்டாலும் பெயரைச் சொல்லக் கூடாது என்றது.

நடப்பது தலைகீழ். 2024 டிசம்பரில் சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவி புகார் கொடுத்தார். மறைத்திருக்க வேண்டிய முதல் தகவல் அறிக்கை அவருடைய விவரங்களோடு வெளியே வந்து கைபேசி கைபேசியாகச் சுற்றியது. புதிய சட்டப் பிரிவுகளுக்கு மாறியதில் ஏற்பட்ட கணினிக் கோளாறு என்று விளக்கம் சொல்லப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட குழுவிடம் விசாரணையை ஒப்படைத்து, அறிக்கை கசிந்ததற்காக அந்த மாணவிக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் தர அரசுக்கு உத்தரவிட்டது. அறிக்கையின் மொழியையும் நீதிபதிகள் கண்டித்தார்கள். பெண்மேலேயே பழி விழும்படி அது எழுதப்பட்டிருந்தது. நான் மேலே சொன்ன எழுத்தரின் கை அது. அந்த ஒரு அறிக்கை கசிந்ததால் உயர் நீதிமன்றத்தின் கண்ணில் பட்டது. கசியாத அறிக்கைகள் எந்த மொழியில் இருக்கின்றன? 2025 ஜூனில் சென்னை மகிளா நீதிமன்றம் குற்றவாளிக்கு முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதித்தது. தண்டனை பெரிய செய்தி. மொழி அத்தோடு மறந்துபோனது.

செங்கல்பட்டுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணமான வழக்கு இந்த ஊர் மகிளா நீதிமன்றத்தில் நடந்தது. 2017 பிப்ரவரியில் முகலிவாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு சிறுமி காணாமல் போனாள். பாலியல் வன்முறைக்குப் பின் கொன்று எரிக்கப்பட்டாள் என்பது வழக்கு. அதே குடியிருப்பிலிருந்த இளைஞர் கைதானார். 2018 பிப்ரவரி 19 அன்று செங்கல்பட்டு மகிளா நீதிமன்றம் அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அந்த ஜூலையில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. குழந்தையின் பெயரைத் தமிழ்நாடே சொல்லிச் சொல்லி அழுதது, சட்டம் தடுத்திருந்தும். நான் இங்கே எழுதவில்லை. விடுவிக்கப்பட்டவர் பெயரையும் எழுதவில்லை, எனக்கு அது தேவைப்படவில்லை.

தீர்ப்பு வந்த நாளில் எனக்கு வந்த அழைப்புகள் எல்லாம் ஒரே கேள்வி: எப்படி விட்டார்கள்? பதில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் மட்டும் இல்லை. ஏழு வருடமாகச் செங்கல்பட்டுக் கோர்ட்டின் வாய்தாக் குறிப்பில் இருந்தது. குற்றச்சாட்டு வனையப்பட்டபோது அவருக்கு வழக்கறிஞர் இல்லை. இலவச சட்ட உதவி வழக்கறிஞர் நியமிக்கப்பட்டது 2017 டிசம்பர் 13. நான்கு நாளில் சாட்சி விசாரணை தொடங்கிவிட்டது. தூக்குக் கயிறு தொங்கும் வழக்கில், கட்டுக் காகிதத்தைப் படித்துப் பார்க்க ஒரு வக்கீலுக்கு நான்கு நாள். குற்றவாளி என்ற தீர்ப்பும் மரண தண்டனையும் ஒரே நாளில். அவர் நடமாட்டத்தைக் காட்டுவதாகச் சொல்லப்பட்ட கேமரா பதிவு கோர்ட்டில் ஆவணமாகவே வைக்கப்படவில்லை. கடைசியாகப் பார்த்த சாட்சி, வாக்குமூலம், மீட்ட பொருள் என்று அரசுத் தரப்பின் ஒவ்வொரு கண்ணியும் உச்ச நீதிமன்றத்தில் விட்டுப்போனது.

2018இல் நாம் என்ன செய்தோம்? விரைவான தீர்ப்பு என்று பாராட்டினோம். பெண்கள் இயக்கங்களில் மரண தண்டனையை ஏற்காதவர்கள் தண்டனையைப் பற்றித் தயங்கினார்கள். வேகத்தைப் பற்றி யாரும் தயங்கவில்லை. இந்த வழக்கில் வேகமே கேடு. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்திருந்தால் 13ஆம் தேதிக்கும் சாட்சி ஏறிய தேதிக்கும் இடையே உள்ள பள்ளம் யார் கண்ணிலும் பட்டிருக்கும். எதிரிக்கு நல்ல வக்கீல் வேண்டும் என்று கேட்பது பாதிக்கப்பட்டவளுக்கு எதிரான பேச்சு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்தக் குழந்தையின் பெற்றோரைப் பாருங்கள். ஏழு வருடம் தீர்ப்பு இருந்தது, இப்போது ஒன்றுமில்லை. யார் செய்தார்கள் என்று சட்டத்தின் கண்ணில் எதுவும் நிரூபணமாகவில்லை. எதிரியின் உரிமையைக் குறுக்கியதால் அவர்கள் கையிலிருந்ததும் போனது. இதை உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? செங்கல்பட்டில், பஸ் நிலையத்திலிருந்து சற்றுத் தூரத்தில், பொதுக் கட்டடத்தில் நடந்த வழக்கு. பாலியல் வழக்கு என்பதால் விசாரணை மூடிய அறையில்; ஆனால் வாய்தா தேதிகள் மூடிய அறையில் இல்லை.

வேறொரு கேள்வியும் மாணவிகளிடமிருந்து வருகிறது. மாப்பிள்ளை மேல் கேஸ் இருக்கிறதா என்று பார்க்க முடியுமா? பார்க்கலாம், மேலே சொன்ன வழிகளில். பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளம் 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அது காவல்துறைக்கு மட்டும், நமக்கு இல்லை. எனக்கு இந்தத் தேடலில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஒருவர் பெயரில் ஒன்றும் வரவில்லை என்றால் அவர் யாரையும் அடிக்கவில்லை என்று பொருளில்லை. அடிபட்டவளின் மனு சி.எஸ்.ஆரிலேயே நின்றிருக்கலாம். பெயர் வந்துவிட்டாலும், அதே பெயரில் அதே தாலுகாவில் நான்கு பேர் இருப்பார்கள். குற்றம் செய்யாமலே திருட்டு வழக்கில் பெயர் ஏறும் இருளர் குடியிருப்புகள் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது. பதிவேட்டில் யார் பெயர் சுலபமாக ஏறுகிறது, யார் பெயர் ஏறுவதில்லை என்பது சாதியைக் கேட்டுத்தான் நடக்கிறது.

இதற்கு மறுபக்கம் நம் பெயர். கணவன் வீட்டார் வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றம் போனால் முதல் எதிர்மனுதாரர் இன்ஸ்பெக்டர், இரண்டாம் எதிர்மனுதாரர் புகார் கொடுத்த பெண். உத்தரவின் முதல் பக்கத்திலேயே அவள் பெயர் அச்சாகும். விவாகரத்து வழக்கைத் தன் ஊர்க் கோர்ட்டுக்கு மாற்றக் கேட்டவளின் பெயரும் அப்படித்தான். வரதட்சணைக் கொடுமைக்கு அடையாள மறைப்பு கிடையாது. பத்து வருடம் கழித்து அவள் வேலைக்கு விண்ணப்பித்தால், மறுமணத்துக்கு யாராவது விசாரித்தால், தேடுபொறியில் முதலில் வருவது அந்த உத்தரவு. இது பற்றி யாரும் வழக்குப் போட்டதாகப் பெரிய விவாதம் எழவில்லை. ஒரு ஆண் போட்டபோது எழுந்தது. பாலியல் குற்றச்சாட்டிலிருந்து மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்ட ஒருவர் தீர்ப்பில் தன் பெயரை மறைக்கக் கேட்டார். 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு ஏற்று, தீர்ப்பை நீக்கும்படி ஒரு தனியார் சட்ட இணையத்தளத்துக்கும் சொன்னது. அந்த ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது.

அவர் கேட்டதில் ஒரு பாதியோடு எனக்குச் சண்டையில்லை. விடுதலையானவர் பெயர் மறைந்தால் நமக்கு நட்டமில்லை. தீர்ப்பே காணாமல் போவதுதான் ஆபத்து. மதுரா வழக்குத் தீர்ப்பை யாரோ ஒரு தரப்பு நீக்கச் சொல்லியிருந்தால் அந்த நான்கு பேர் எதை வைத்துக் கடிதம் எழுதியிருப்பார்கள்? பெயர்களை எடுங்கள், ஆணுடையதும் பெண்ணுடையதும். குறிப்பாக இரண்டாம் எதிர்மனுதாரர் என்று அச்சாகும் பெண்ணுடையதை. வாக்கியங்களை விட்டுவையுங்கள்.

கடைசியாக ஒரு தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதிகம் பேர் ஏமாறுவது அங்கேதான். போலீஸ் விசாரித்துவிட்டு, பொருண்மைப் பிழை, சம்பவம் நடந்ததாகத் தெரியவில்லை என்று வழக்கை முடிக்கலாம். அதை ஆர்.சி.எஸ். என்பார்கள். முடிப்பதற்கு முன் புகார் கொடுத்தவருக்குத் தகவல் தந்து, அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் மாஜிஸ்திரேட் அதை ஏற்க வேண்டும் என்று 1985இலேயே பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டும் என்று இப்போது 193ஆம் பிரிவிலும் இருக்கிறது. தலித், பழங்குடிப் பெண்களுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ இன்னும் பலமானது, ஜாமீன் விசாரணை உட்பட எல்லாவற்றுக்கும் முன்தகவல் பெறும் உரிமை. இத்தனையும் சேர்ந்து நடைமுறையில் ஒரு கான்ஸ்டபிள் கொண்டுவரும் ஒரு நோட்டீஸாகச் சுருங்கிவிடும். ‘கேஸ் விஷயமா வந்திருக்கு, இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா’ என்பார். பெற்றுக்கொண்டேன் என்ற கையெழுத்தும் ஆட்சேபணை இல்லை என்ற கையெழுத்தும் ஒரே மாதிரிதான் இருக்கும், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காவிட்டால்.

அப்படி ஒன்று வந்தால் முழுவதையும் வாசிக்கும்வரை பேனாவைத் தொடாதீர்கள். வாசிக்க நேரம் தரவில்லை என்றால், நோட்டீஸ் பெற்றேன், ஆட்சேபணை உண்டு, இன்ன தேதி, இன்ன நேரம் என்று உங்கள் கையெழுத்திலேயே மேலே எழுதிவிட்டுப் பிறகு கையொப்பமிட்டு, ஒரு நகலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். மாஜிஸ்திரேட் முன்னால் ஆட்சேப மனு போடலாம். வக்கீலுக்கு வசதியில்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக் குழு அலுவலகம் இருக்கிறது, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். நோட்டீஸே வராமல் வழக்கு முடிந்துவிட்டதா என்று தெரிய வேண்டுமானால் குற்ற எண்ணையும் நிலையத்தையும் போட்டுப் பாருங்கள். ‘முடிக்கப்பட்டது’ என்று காட்டினால் எந்தத் தேதியில், எந்தக் கோர்ட்டில் என்று குறித்துக்கொண்டு, அந்தக் கோர்ட்டின் நகல் பிரிவில் உத்தரவுக்கு மனுப் போடுங்கள். வழக்கில் தொடர்பில்லாதவர்கள் நகல் கேட்டால் காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். நீங்கள் வாதி.